கழற்ற இன்னொரு கை

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மணி பார்க்க செல்போன் இருந்தாலும் கையில் ஒரு வாட்ச் இல்லாவிட்டால் நமக்கு என்னவோ போல் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் கொடுத்தது, மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது என்று ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். நான் கட்டுவதில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் புளுகியிருக்கிறேன். தோழிகளிடம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வாட்ச் போட வந்தபோது வேண்டுதல் என்றேன். அது என்ன வேண்டுதல் என்று கேட்டுக் கேட்டே மாமியார் சலித்துப் போனார்.

உங்களிடம் உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நாமெல்லாம் பெரியவர்களுக்கு எப்படிப் பயந்து வளர்ந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால், "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கொட்டச்சேடு போகும் ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை இறங்கும். அதில் கூப்பிடு தூரத்தில் எஸ்டேட் கொடுத்த எங்கள் வீடு. அதற்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பங்களா. அங்கே எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரியான வெள்ளைக்காரத் துரைசாணி தனியாக இருந்தார். துரை இறந்து பல வருடம். சொந்தக்காரர்கள் எல்லாரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். போவதற்கு இடம் தெரியாமல்தான் அவர் அங்கேயே அடைந்து கிடந்தார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கோ, மலை முழுவதும் தனக்கென்று வைத்திருக்கும் ராணி என்றுதான் நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

கான்வென்டில் எனக்கு இடம் கிடைத்ததே அவர் ஒரு வார்த்தை சொன்னதால்தான். அதற்குக் கைம்மாறாக, அவருக்குக் கண் மங்கியதும் சாயங்காலம் போய் இங்கிலீஷ் பேப்பர் வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. நான் அப்போது ஆறாவது. ஒவ்வொரு நாளும் புறப்படும்போது அப்பா ஒரே பாட்டைப் பாடுவார். "அங்க எதையும் தொடாதே கண்ணு. பாத்த கண்ணோட திரும்பி வந்துரணும்."

பார்த்த கண்ணோடு திரும்பி வர முடியாத ஒரு பொருள் அங்கே இருந்தது. துரைசாணியின் வாட்ச்.

அதை வாட்ச் என்பதா, காப்பு என்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தங்கக் காப்பு, அதன் நடுவில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கடிகாரம். அதைச் சுற்றி நீல எனாமல். அந்த நீலத்துக்கு அடியில், தண்ணீருக்குள் தெரிகிற மணல் போல, அலை அலையாக மெல்லிய கோடுகள். காப்பின் விளிம்பு நெடுக கடுகை விடச் சின்னச் சின்ன வைரம், இடையிடையே முத்து. துரைசாணியின் தாயார் பிரெஞ்சுக்காரி. பாரீஸில் அவருக்காகச் செய்ததாம். காப்பின் உள்ளே பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினால் ஒரு கழுகுத் தலை தெரியும். அந்த நாட்டுத் தங்கத்துக்கு அதுதான் முத்திரையாம். எறும்பின் கண் அளவு இருக்கும் அதில் அலகு கூடத் தெரிந்தது.

எனக்கு ஆச்சரியம் அதன் உள்பக்கம்தான். கல்லுக்குப் பின்னால் வெளிச்சம் நுழைய ஓட்டை விடுவார்கள் அல்லவா, அந்த ஓட்டை ஒவ்வொன்றையும் ஐந்து இதழ் பூவாக அறுத்திருந்தான் அந்தத் தொழிலாளி. கையில் போட்டுவிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. பிறகு எதற்கு என்று கேட்டேன்.

துரைசாணி தன் சமையலறைத் தமிழில் சொன்னார். "முன்னாடி இருக்கறது ஊருக்கு. உள்ள இருக்கறது போடறவளுக்கு. நல்ல வேலக்காரன் ரெண்டு பேரையும் ஏமாத்த மாட்டான்."

பிறகு காப்பை மூடி என் முன்னால் நீட்டினார். "எங்க தெறக்கும்? கண்டுபிடி பாக்கலாம்." நான் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன். சேர்ந்த இடமே இல்லை. துரைசாணி குழந்தை போல் சிரித்தார். விடையை மட்டும் சொல்லவில்லை.

அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் ஆயாவின் வேலை. பங்களா ஆயாவுக்கு நாற்பது வயதிருக்கும். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. மாதா கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். என்னைக் கண்டால் முந்தானையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சு வரும்.

அது ஐப்பசி மழைக்காலம். அன்று வெள்ளிக்கிழமை. துரைசாணியின் விரல்கள் குளிரில் மடங்கிக்கொண்டதால், உள்ளறையில் வைத்து ஆயா சூடாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பேப்பரோடு காத்திருந்தேன். கண்ணாடி மேசையில் வாட்ச் வாயைத் திறந்து கிடந்தது.

போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான். திருடவேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. சிலுவை மேல் கை வைத்துச் சொல்வேன். 'சுக்' என்று ஒரு சத்தம். காப்பு மூடிக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. அரை நிமிடம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன். அப்புறம் கழற்றப் பார்த்தேன். முத்தை எல்லாம் அழுத்தினேன். இழுத்தேன். கட்டைவிரல் எலும்பைத் தாண்டி வர மறுத்தது. உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அப்போது "ஆயா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் ஸ்வெட்டர் கையை இழுத்து மூடிக்கொண்டு, அம்மா கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு மழையில் ஓடி வந்துவிட்டேன்.

வழியிலேயே பொய் தயாராகிவிட்டது. பயம் நல்ல கதாசிரியன். எங்கள் பக்கத்தில் எலும்பு பிசகினால் வெள்ளக்கடை என்ற ஊரில் ஒரு மலைக்காரப் பெரியவரிடம் போவார்கள். அவர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார். கட்டினவர் கையால்தான் அந்தக் கட்டை அவிழ்க்கவேண்டும். வேறு யாராவது தொட்டால் எலும்பு கோணலாகச் சேரும் என்று இந்து, கிறிஸ்தவர் வித்தியாசமில்லாமல் எல்லோரும் நம்பினார்கள். அப்பாவின் பழைய வேட்டித் துணி கொடியில் கிடந்தது. கிழித்து, வாட்சுக்கு மேல் பல்லால் கடித்து இழுத்து இறுக்கிச் சுற்றினேன்.

"படியில வழுக்கி உழுந்துட்டனுங்கம்மா. வெள்ளக்கடைத் தாத்தா ரோட்டுல போனாருங்க. அவருதான் கட்டிவிட்டாரு."

அம்மா தொட்டுப் பார்த்தாள். துணிக்குள் கெட்டியாக இருந்தது. "தப்பை வெச்சிருக்காரு. நல்லவேளை, அவரு எதுக்க வந்தாரே. எப்ப அவுக்கறேன்னாரு?"

"அவரே வருவாராமுங்க."

அது செபமாலை மாதம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் மூன்று பேரும் முழங்காலில் நின்று செபமாலை சொன்னோம். ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் என் கட்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அம்மா கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "மழைக்குப் பல்லி உள்ள வந்துட்டுதாட்டம் இருக்குது" என்றாள்.

அன்றைக்கே அடிவாரத்திலிருந்து வரும் ரோட்டில் மண் சரிந்தது. பாறை உருண்டு வளைவை அடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மேலே பஸ் வராது, கீழே யாரும் போகமுடியாது. சேலத்துக்குப் போனால் ஒரு தட்டானிடம் கொடுத்து அறுத்துக் கழற்றிவிடலாம் என்று படுக்கையில் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். அதுவும் போயிற்று. மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை காலையில் அப்பாவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். துரைசாணி வாட்சைக் காணோம். ஆயாதான் கழற்றி வைத்தாள், ஆயாவுக்குத்தான் அதைத் திறக்கவும் மூடவும் தெரியும், ஆகவே ஆயாதான். போலீஸ் வேண்டாம், ரைட்டரே விசாரிக்கட்டும் என்று விட்டார் துரைசாணி. அந்த வீட்டில் தினமும் கால் வைத்த இன்னொருத்தி நான். என் பெயர் யார் வாயிலும் வரவில்லை. ரைட்டர் மகள் அல்லவா.

அப்பா ஆயாவின் தகரப் பெட்டியை வராந்தாவில் வைத்துத் திறந்தார். நான் அம்மாவோடு படியில் நின்றேன். கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலை, புருசன் போட்டோ, காலியான பவுடர் டப்பா, மடித்து வைத்த குருத்தோலை. ஒவ்வொன்றாக எடுத்து உதறி வைத்தார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல. கத்தவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"ஏனுங்க ரைட்டரய்யா, இத்தன வருசமா தெனமும் என்ர கையாலதானுங்க அதக் கழட்டி வெச்சேன். எடுக்கறதுன்னா இன்னைக்குத்தான் எடுப்பனுங்களா?"

"நீங்க எடுத்தீங்கன்னு நான் சொல்லலீங்க ஆயா. கேட்டதை எழுதிக்கறேன், அவ்வளவுதான்."

"எழுதிட்டா அதுதானுங்களே அப்புறம் உண்மை" என்றார் ஆயா.

பெட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் அவர் தலையில்தான் விழுந்தது. நொம்பக் கெட்டிக்காரி, நல்ல இடமாகப் பார்த்து ஒளித்துவிட்டாள் என்றார்கள். ரோடு சரியானதும் முதல் பஸ்ஸில் போய்விடவேண்டும் என்று துரைசாணி சொல்லிவிட்டார். அதுவரை கூலிக்காரர்களின் லைன் வீட்டு மூலையில் இருக்கலாம். போகச் சொன்னவர்களுக்கும் அவரை அனுப்ப வழியில்லை, போகவேண்டியவருக்கும் போக வழியில்லை.

அன்று சாயங்காலம் அப்பா எழுதியதைச் சுத்தமாகப் படியெடுத்தார். காணாமல் போன பொருளின் அடையாளத்தைத் துரைசாணி சொல்லச் சொல்லக் குறித்து வந்திருந்தார். அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். "உள்பக்கம் பூரா அஞ்சிதழ்ப் பூவா அறுத்திருக்குமாம். அது ஒண்ணு போதும், எங்க கெடச்சாலும் அடையாளம் சொல்லிரலாம்." நான் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். காதில் வைத்துப் பார்த்தபோது சத்தம் இல்லை. சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்று போயிருந்தது. பல்லி போய்விட்டது என்று அம்மா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆயா வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. அம்மா என் நல்ல கையைப் பிடித்து எதிர்ப் பக்கம் இழுத்துப் போனாள். "நல்லவங்கன்னுதான் நெனச்சிருந்தோம்" என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பின்னாளில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் காலிப் பெஞ்சுதான் கண்ணில் வரும்.

திங்களும் செவ்வாயும் குளியலறையில் கழிந்தன. சோப்புப் போட்டேன், விளக்கெண்ணெய் விட்டேன், கொண்டை ஊசியால் நெம்பினேன். முத்து முத்தாக எண்ணி அழுத்தினேன். துணியின் இறுக்கத்தில் தோல் வெந்தது போல் எரிந்தது. பாதையில் யாராவது இருமினால் வெள்ளக்கடைத் தாத்தாதான் வருகிறார் என்று கட்டிலுக்கடியில் ஒளிந்தேன். கை வலியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அம்மா கஷாயம் கொடுத்தாள். குடித்தேன். கொடுத்ததை எல்லாம் குடித்தேன்.

சொல்லிவிடலாம் என்று பத்து முறையாவது வாயைத் திறந்திருப்பேன். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் குறும்பு. சனிக்கிழமைக்குள் அது திருட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைவிடப் பெரிதாகி, அதற்குப் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை ரோடு திறந்தது. காலையில் ஆயா பெட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"போயிட்டு வரனுங்க அம்மணி" என்றார். அம்மா வெளியே வரவில்லை. "அடுப்புல பால் இருக்குதுங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாள். அடுப்பில் பால் இல்லை.

ஆயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சாமி, கை இன்னும் நோவுதா?" என்று கட்டிய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. ஒரு முறை சுற்றித் தடவின. இத்தனை வருடம் தினமும் தொட்ட பொருள். அந்த விரல்களுக்கு அடையாளம் தெரியாதா?

என்னை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். அறைவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தன நாளா இப்பிடிக் கண்ணு? கையெல்லாம் புண்ணாப் போச்சே."

அதற்குத்தான் அழுதேன். அறைந்திருந்தால் அழுதிருக்கமாட்டேன்.

ஆயா ஒரு கையால் அடிப்பக்கத்துக் கீலை நெருக்கினார். மறு கை நகத்தால் மூன்றாவது முத்தை அழுத்தினார். இரண்டும் ஒரே நேரத்தில். காப்பு திறந்தது. அப்போதுதான் புரிந்தது. மாட்டுவதற்கு ஒரு கை போதும். கழற்ற இரண்டு கை வேண்டும், போட்டிருக்கிறவளுக்கு மிச்சம் இருப்பதோ ஒன்றுதான். பக்கத்தில் எப்போதும் ஒரு வேலைக்காரி நிற்பாள் என்று நம்பி அந்தப் பாரீஸ்காரன் செய்த வேலை அது.

"நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க ஆயா" என்றேன்.

"நானா? நான் கொண்டு போனா, எடுத்தவ பயந்துட்டுக் குடுக்கறான்னுதான் சாமி பேசுவாங்க. நீ உங்க அப்பாகிட்டச் சொல்லு. நல்ல மனுசன். நாந்தான் போட்டுப் பாத்தேன், கழட்ட வரலைன்னு ரெண்டு வார்த்தை. அது போதும்."

"அடிப்பாருங்களா?"

"அடிச்சா ஒரு அடி. அத்தோட போச்சு." வாட்சை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். துணியை மேலோட்டமாகச் சுற்றிவிட்டார். "நான் ரோட்டு மேலதான் நிக்கறேன். பஸ் வர இன்னும் நேரமிருக்குது."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிப் போனார். ஒருதரம் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அப்பா முன்னறையில் மேசைக்கு முன்னால் இருந்தார். நான் போய் உள்ளங்கையைத் திறந்தேன்.

"வாட்ச் கெடச்சுதுங்கப்பா."

நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "எங்க?"

அந்த இரண்டு வார்த்தை என் தொண்டையில்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் வாய் வேறு எதையோ சொன்னது. "பங்களாப் படிகிட்ட. செடிக்கு அடியில."

அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்கமுடியாது. "அப்பாடா! பயந்துட்டு வீசிட்டாங்களாட்டம் இருக்குது. போறப்பவாவது புத்தி வந்துச்சே." வாட்சை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்த் திருப்பிப் பார்த்தார். "ஆமா, பூ... அஞ்சிதழ்" என்று தானே சொல்லிக்கொண்டார். திரும்பினார். "என்ன கண்ணு, கட்டு அவுந்து தொங்குது? தப்பை உழுந்துருச்சா?"

கையைப் பிடித்தார். துணி நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே தப்பை எதுவும் இல்லை. மணிக்கட்டைச் சுற்றிலும், சிவப்பாக, ஆழமாக, வரிசை வரிசையாக ஐந்து இதழ்ப் பூக்கள் பதிந்திருந்தன.

அப்பா வாட்சைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மறுபடி வாட்சைப் பார்த்தார். பேரேட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். "என்னங்க, யாருங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

அவரை நான் எவ்வளவோ காலம் வெறுத்தேன். இப்போது அவருடைய அன்றைய வயதைவிட இருமடங்கு ஆகிவிட்டது எனக்கு. வீடு எஸ்டேட்டினுடையது. படிப்பு துரைசாணி தயவு. நான்கு பேர் பார்க்க ஒரு பெண்பிள்ளையின் பெட்டியைக் கிளறியவர், அடுத்த வாரம் என் மகள்தான் என்று எப்படிப் போய் நிற்பார்? எல்லாம் புரிகிறது. புரிந்து என்ன? ரோடு கூப்பிடு தூரம்தான். அவர் சாகும்வரை இதைப்பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆயாவை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அப்பா குனிந்து துணியை எடுத்தார். என் கையை மேசை மேல் வைத்து, பூக்கள் ஒன்றுகூட வெளியே தெரியாதபடி, நிதானமாக, மறுபடியும் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார். மேலே ரோட்டு வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் கை ஒரு கணம் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரோ, சொல்லிவிடுவேனோ என்று பார்த்தாரோ. நான் கையை நன்றாக நீட்டிக் கொடுத்தேன். கடைசி முடிச்சைப் போட்டார்.

"நொம்ப இறுக்கமா இருக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா" என்றேன்.